யோபுவுக்குத் திரும்பி வந்த மாடுகள்

கிள்ளான் தெங்கு கெலானா சாலையில் நடந்திருப்பீர்கள். நகைக்கடை, சேலைக்கடை, பூக்கடை, பலகாரக்கடை என்று வரிசையாக இருக்கும். சம்பள வாரத்தில் தோட்டத்துச் சனமும் டவுன் சனமும் தோளை இடித்துக்கொண்டுதான் போகவேண்டும். அதே சாலையில்தான் 1928-ல் கட்டி முடித்த லூர்து மாதா கோயிலும் இருக்கிறது. சேலைக்கடைப் பையோடு உள்ளே போய் மெழுகுவர்த்தி கொளுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படிக் கொளுத்தியவன்தான்.

அந்த நேரத்தில் நாம் என்ன கேட்கிறோம்? மகனுக்கு வேலை. மகளுக்கு வரன். வீட்டுக்கடன் அடைய வேண்டும். சிலர் நாலு நம்பரையும் மாதாவிடமே கேட்பதுண்டு. சிரிக்காதீர்கள், என் சொந்தத்திலேயே ஒருவர் இருக்கிறார். கேட்பது தவறென்று நான் சொல்ல வரவில்லை. இல்லாதவன் கேட்காமல் வேறு யார் கேட்பது? கேட்டது கிடைக்காதபோது நம் விசுவாசம் என்ன ஆகிறது என்பதுதான் எனக்குள்ள கவலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஞானோபதேச வகுப்பில் பிள்ளைகளுக்கு யோபுவின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாடு போயிற்று, ஒட்டகம் போயிற்று, பிள்ளைகளும் மாண்டார்கள். ஆனாலும் அவர் கடவுளை விடவில்லை. கடைசியில் எல்லாச் செல்வமும் இரட்டிப்பாகக் கிடைத்தது, 1,000 ஏர் மாடு, 6,000 ஒட்டகம் என்று முடித்தேன். பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "சார், கடைசியில ஒண்ணுமே திரும்பக் கிடைக்காமப் போயிருந்தா?" என்றான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. மறுவாரம் வேறொருவர் கதையைக் கொண்டுபோனேன். அதையே இங்கே உங்களுக்கும் சொல்கிறேன்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712-ல் பிறந்தவர் நீலகண்டன். வசதியான குடும்பம். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மரின் அரண்மனையில் அதிகாரி. நம் பாஷையில் சொன்னால் பெரிய கிராணி மாதிரி. இல்லை, அதற்கும் மேலே. இப்படிப்பட்டவருக்கு ஒரு சமயம் கஷ்ட காலம் வந்தது. ஆடு மாடுகள் செத்தன, பயிர் பொய்த்தது, சொத்து கரைந்தது. மனம் உடைந்துபோனார்.

அப்போது அவருக்குப் பழக்கமானவர் டிலனாய். 1741-ல் குளச்சல் போரில் டச்சுக்காரர்கள் தோற்றபோது பிடிபட்டு, பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுக்க அமர்ந்தவர். கைதியாக வந்தவனுக்கு இழப்பென்றால் என்னவென்று தெரியாதா? நீலகண்டனின் வாடிய முகத்தைப் பார்த்து அவர் சொன்ன கதை எது தெரியுமா? யோபுவின் கதைதான்.

1745 மே 14-ஆம் நாள் வடக்கன்குளத்தில் நீலகண்டன் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்ற பெயரைத் தமிழாக்கித் தேவசகாயம் ஆனார். மனைவி பார்கவியும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார்.

இனிமேல் மாடு திரும்பி வரும் என்றுதானே எதிர்பார்ப்போம்? வரவில்லை. இருந்ததும் போயிற்று. சாதி வித்தியாசம் பாராமல் எல்லாரோடும் சமமாகப் பழகினார். அதுவே பலருக்குக் கோபமாயிற்று. ராஜத்துரோகி என்று பழி சுமத்தி 1749-ல் விலங்கு மாட்டினார்கள். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் அவமானப்படுத்தினார்கள். மறுதலித்தால் பிழைக்கலாம் என்ற வழி அவருக்கு எப்போதும் திறந்தே இருந்தது. மூன்று வருஷம் என்று எழுதிவிடுகிறோம். ஒவ்வொரு நாள் காலையிலும் அந்த வழி அவர் கண்ணெதிரே இருந்திருக்குமே! 1752 ஜனவரி 14, ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். உடல் கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கமாயிற்று.

2022 மே 15-ல் ரோமாபுரியில் போப்பாண்டவர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். குருவானவரல்லாத, குடும்பஸ்தரான ஓர் இந்தியர் புனிதரானது அதுவே முதல் தடவை. அதற்குமுன் பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை' என்ற சாதிப் பட்டத்தையும் எடுத்துவிட்டார்கள். அது எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அந்தப் பெருமையெல்லாம் 270 வருஷம் கழித்து வந்தது. மலைமேல் நின்றவருக்கு அது தெரியாது. அவர் கையில் அன்று என்ன இருந்தது? உத்தியோகமில்லை, நிலமில்லை, மாடில்லை. இருந்தும் விட மனமில்லாத ஒன்று இருந்திருக்கிறது. மாடு வாங்கித் தருகிற கடவுளை மட்டும் நம்பியிருந்தால் முதல் வருஷமே விலங்கைக் கழற்றச் சொல்லியிருப்பார்.

சொல்லி முடித்ததும் அந்தப் பையன் மறுபடியும் எழுந்தான். "அப்ப அவரு பொண்டாட்டி என்ன சார் ஆனாங்க?"

குடும்பஸ்தனான எனக்கும் அந்த இடம்தான் உறுத்திக்கொண்டிருந்தது. "வடக்கன்குளத்துக்கே போய்விட்டார், அங்கேதான் கடைசிவரை வாழ்ந்தார்" என்றேன்.

"அவங்களும் விடலியா சார்?"

"விடவில்லை."

பையன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உட்கார்ந்தான்.