சாப்பாட்டு நாற்காலியும் சின்னப் பிள்ளைகளும்

தீபாவளிக்கு முன்பு தவணையில் வாங்கிய சாப்பாட்டு மேசை. ஆறு நாற்காலிகள், வெளிர்நிறத் துணி இருக்கைகள். பொங்கல் வருவதற்குள் இரண்டு நாற்காலிகளில் மைலோவும் பருப்புக் கறியும் முத்திரை பதித்துவிடுகின்றன. இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இது வழக்கமான கதைதான். கறையை விடப் பெரிய தொல்லை, "கொட்டாதே, கொட்டாதே" என்ற அதட்டல். அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிடும் பிள்ளைக்கு மேசை என்றாலே பயம் வந்துவிடும். பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு தொலைக்காட்சி முன் உட்கார்ந்து ஊட்ட வேண்டியதுதான். தானே அள்ளிச் சாப்பிடப் பழகும் பிள்ளை கொட்டத்தான் செய்யும். பிள்ளையைத் திருத்துவதை விட இருக்கைக்கு உறை போடுவது எளிது.

கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் தாளை அப்படியே விட்டுவைப்பவர்கள் பலர். அந்த மெல்லிய தாள் விரைவில் கிழிந்துவிடும். கிழிசல் வழியே உள்ளே போன பால் வெளியேற வழியின்றிப் பஞ்சிலேயே தங்கும். இங்குள்ள ஈரக் காற்றில் பூசணம் பிடிக்க அதிக நாள் ஆகாது. கிழிந்த துண்டு கைக்குழந்தையின் முகத்தில் ஒட்டினால் மூச்சடைக்கும் ஆபத்தும் உண்டு.

நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தால் இருக்கை பெரும்பாலும் நான்கு திருகாணிகளில்தான் நிற்கிறது. அவற்றைக் கழற்றினால் இருக்கை தனியாகக் கையில் வந்துவிடும். மீட்டர் கணக்கில் விற்கும் தடித்த மேசை விரிப்பு பிளாஸ்டிக் போதும். 45 சென்டிமீட்டர் இருக்கைக்கு 65 சென்டிமீட்டர் சதுரம் வேண்டும். முதலில் நான்கு பக்கங்களின் நடுவையும் இழுத்து அடியில் ஊசி அடித்து, பிறகு மூலைகளை மடிக்க வேண்டும். அடிப்பக்கத்தை மூடக்கூடாது, பஞ்சுக்குக் காற்று வேண்டும். ஊசி அடிக்க மனமில்லாதவர்கள் ஓரத்தில் எலாஸ்டிக் வைத்து உறை தைக்கலாம். ஆறு நாற்காலிகளுக்கும் உறை போட்டு, வெயில் காலத்தில் விருந்தினரின் தொடை ஒட்டிக்கொள்ளும்படி செய்ய வேண்டியதில்லை. பிள்ளைக்கென்று ஓர் இடத்தை ஒதுக்கி, அதற்கு மட்டும் போட்டால் போதும்.

கறை ஒட்டாமலிருக்கத் துணியில் தெளிக்கும் ஸ்பிரேயும் கடைகளில் கிடைக்கிறது. இதில் சற்றுக் கவனம் தேவை. ஸ்காட்ச்கார்டில் பயன்பட்ட ஃபுளோரின் வகை வேதிப்பொருள் மனித இரத்தத்தில் தங்குவது தெரியவந்த பின், 2000 மே மாதம் 3எம் நிறுவனம் அதைக் கைவிடுவதாக அறிவித்தது. அந்தக் குடும்பத்து வேதிப்பொருள்கள் அனைத்தின் தயாரிப்பையும் 2025 இறுதிக்குள் நிறுத்துவதாக 2022 டிசம்பரில் அறிவித்தது. இருக்கையில் விழுந்த அப்பளத் துண்டை எடுத்து வாயில் போடும் வயதில், ஸ்பிரேயை விட உறையே மேல்.

உறை இல்லாத நேரத்தில் கொட்டிவிட்டால் தேய்க்கக்கூடாது. உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பால், முட்டைக் கறைக்குக் குளிர்ந்த நீர்தான் சரி. சுடுநீர் பட்டால் அதிலுள்ள புரதம் இறுகித் துணியோடு ஒட்டிக்கொள்ளும். கறிக் குழம்புக்கு ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் வேண்டும். மஞ்சளின் நிறப்பொருள் எண்ணெயில் கரையும், வெறும் நீரில் போகாது. சவர்க்காரக் கட்டியைத் தேய்த்ததும் மஞ்சள் கறை சிவந்துபோய்ப் பலர் பதறுகிறார்கள். ஆலாத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே காரணத்தால்தான். அலசினால் மீண்டும் மஞ்சளாகிவிடும். மிச்சக் கறையை வெயில் வெளுக்கும். மஞ்சள் நிறம் வெளிச்சத்தில் நிற்காது. ஆனால் துணியின் சாயமும் மங்கக்கூடும் என்பதால் அரை நாளுக்கு மேல் வெயிலில் வைக்க வேண்டாம்.

பஞ்சு வரை நனைந்திருந்தால், கழற்றிய இருக்கையைக் காற்றாடி முன் நிமிர்த்தி வைத்து, விரலால் அழுத்தினால் ஈரம் தெரியாத வரை காயவிட்ட பிறகே திருகாணியை முடுக்க வேண்டும்.