சிறு நிறுவனமும் தொழிலாளர் உரிமையும் – 7: முன்பணம்

தமிழ்நாட்டில் கொத்தடிமை முறை பெரும்பாலும் முன்பணத்தில்தான் தொடங்குகிறது. கொத்தடிமைத் தொழிலாளர் முறை (ஒழிப்பு) சட்டம், 1976 இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. வாங்கிய கடனுக்காக ஒருவர் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைக்கலாம். வேறு வேலைக்குப் போக முடியாமல் இருக்கலாம். ஊருக்குப் போய்வர அனுமதி மறுக்கப்படலாம். தன் உழைப்பைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமையை இழந்திருக்கலாம். இவற்றில் ஒன்று இருந்தாலே அவர் கொத்தடிமை. பூட்டிய கதவு தேவையில்லை. 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு என்று தீர்ப்பளித்தது.

பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நவீன அடிமைமுறைச் சட்டப்படி, ஆண்டு விற்றுமுதல் 3.6 கோடி பவுண்டைத் தொடும் நிறுவனங்கள்தான் அடிமை உழைப்பைத் தடுக்க என்ன செய்தன என்று அறிக்கை வெளியிட வேண்டும். தியாகராய நகரில் பத்துப் பேரோடு நடக்கும் ஆயத்த ஆடை நிறுவனத்துக்கு அப்படியொரு கடமை இல்லை. ஆனால் நம் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தில் விற்றுமுதல் வரம்பு ஏதும் கிடையாது. ஒருவரைக் கொத்தடிமையாக வேலை வாங்குபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை. உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை.

ஆகவே சிறு நிறுவனத்தின் பரிசோதனை சொந்தக் கட்டடத்திலிருந்து தொடங்க வேண்டும். மயிலாப்பூர் உணவகத்தின் சமையலறையில் அசாமிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவர் வேலைக்குச் சேர்ந்தால், அவரைக் கூட்டிவந்த ஏஜென்டுக்குப் பணம் கொடுத்தது யார் என்று முதல் நாளே கேட்டுவிட வேண்டும். ரயில் கட்டணத்தையும் கமிஷனையும் முதலாளி ஏற்காவிட்டால் அது தொழிலாளியின் கடனாகிறது. அந்தக் கடன் யார் கையில் இருக்கிறதோ, அவர் சொல்வதுதான் சட்டம். ஆதார் அட்டையின் நகலை வைத்துக்கொண்டு அசலை உடனே திருப்பித் தர வேண்டும். தங்குமிடம் கடைக்குச் சொந்தமானதாக இருந்தால், வேலையை விடுபவர் அன்றிரவே தெருவில் நிற்க நேரும். அந்த அச்சமே ஆளைக் கட்டிப்போடப் போதும். ரங்கநாதன் தெருவின் துணிக்கடை விடுதி வாழ்க்கையை வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ 2010இலேயே திரையில் காட்டிவிட்டது.

முன்பணம் கொடுப்பதே தவறு என்று சொல்ல முடியாது. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ தொழிலாளி கேட்கும்போது மறுத்தால், அவர் கந்துவட்டிக்காரரிடம் போவார். வட்டியில்லாமல் கொடுத்து, தொகையை எழுதி, ஒரு பிரதியை அவரிடமே தர வேண்டும். மாதப் பிடித்தம் போக அவர் கையில் குறைந்தபட்சக் கூலியாவது நிற்க வேண்டும். எல்லாவற்றையும்விட, பாக்கி இருந்தாலும் அவர் விரும்பிய நாளில் வேலையை விட்டுப் போகலாம் என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருக்க வேண்டும். நேரடியாக வேலைக்குச் சேர்க்காதவர்களையும் மறக்கக் கூடாது. அடையாறு அலுவலகம் ஒன்றின் காவலாளியும் துப்புரவுப் பணியாளரும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள்தான். ஆனால் ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் தரவேண்டிய பொறுப்பு அலுவலகத்துடையது.

சொந்தக் கட்டடத்தைத் தாண்டிய பிறகுதான் சிக்கல் பெரிதாகிறது. ஈரோட்டு மொத்த வியாபாரியின் பில்லில் துணியின் விலையும் வரியும் இருக்கும். நூல் எங்கே நூற்கப்பட்டது, தறியில் நின்றவர் யார் என்பது இருக்காது. பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளில் முன்பணம் வாங்கிய தொழிலாளி அதைத் தீர்க்காமல் வேறு பட்டறைக்கு மாற முடியாத நிலை நெடுநாள் வழக்கம். நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் நடந்தது இன்னும் கொடியது. தென் மாவட்டங்களின் ஏழை வீட்டுப் பெண்கள், பலர் பதினெட்டு வயதுகூட நிரம்பாதவர்கள், மூன்று ஆண்டு விடுதியில் தங்கி வேலை செய்தால் கடைசியில் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி அழைத்துப் போகப்பட்டார்கள். கல்யாணச் செலவுக்கான பணம் என்று அதற்கு ஒரு மங்கலப் பெயர். உடம்பு முடியாமல் நடுவில் திரும்பியவர்கள் அந்தத் தொகையை இழந்தார்கள். அது அவர்களுடைய கூலியிலிருந்தே பிடித்துவைத்த பணம் என்பதை மறக்கக் கூடாது.

ஒரு சிறு கடைக்காரரால் நூற்பாலைக்குள் போய்ச் சோதனை செய்ய முடியாது. ஆனால் துணி எந்த ஆலை நூலில் நெய்தது என்று வியாபாரியிடம் எழுத்தில் கேட்கலாம். கூலி மாதாமாதம் வங்கியில் போகிறதா, கடைசியில் மொத்தமாகத் தரப்படுகிறதா என்று கேட்கலாம். துணிக்கு மட்டும் இந்தக் கேள்விகள் பொருந்தும் என்பதில்லை. கல்யாண சமையல்காரர் வாங்கும் விறகும் அரிசியும், கட்டடக்காரர் வாங்கும் செங்கல்லும் இதே வழியில் வருபவை. காஞ்சிபுரம், வேலூர் மாவட்ட விறகு வெட்டும் இடங்களிலிருந்து 2019 ஜூலையில் மீட்கப்பட்ட 42 கொத்தடிமைகள் இருளர் பழங்குடியினர்.

வாங்குபவரின் சொந்த நடத்தையையும் பார்க்க வேண்டும். தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு ஆர்டர் கொடுத்து, விலையையும் அடித்துப் பேசி, பணத்தை மூன்று மாதம் இழுத்தால், ஜாப் ஒர்க் எடுத்தவர் ஆட்களுக்கு எதிலிருந்து கூலி தருவார்? குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. கூலி தள்ளிப்போகும் வாரத்தில்தான் தொழிலாளி அடுத்த கடனை வாங்குகிறார்.

பொருள் தருபவரிடம் தவறு தெரியவந்ததும் ஆர்டரை ரத்து செய்வது எளிது. ஆனால் அதனால் முதலில் வேலையிழப்பவர் அந்தத் தொழிலாளிதான். ஒரு பெண் தொழிலாளியின் கொலைக்குப் பின் 2022 ஏப்ரலில் உருவான திண்டுக்கல் ஒப்பந்தம் வேறு வழியைக் காட்டியது. தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கமும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனமும் அதில் கையெழுத்திட்டன. ஆடை வாங்கும் பன்னாட்டு நிறுவனங்களான எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகியவை வாங்குவதை நிறுத்திவிடாமல் மாற்றத்துக்குப் பொறுப்பேற்றன.

கூலி, நேரம் போன்ற குறைகளை இப்படிக் கூட இருந்து திருத்தலாம். ஆள் கடனுக்காகப் பிடித்துவைக்கப்பட்டிருந்தால் பேச்சுவார்த்தைக்கு இடமில்லை. மாவட்ட ஆட்சியருக்கோ கோட்டாட்சியருக்கோ தகவல் போக வேண்டும். குழந்தை என்றால் 1098 என்ற எண்ணுக்கு. விடுவிக்கப்பட்டவரின் கடன் சட்டப்படி அழிந்துவிடுகிறது. அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்க வேண்டியது கடன் கொடுத்தவரின் வேலை. உடனடி உதவியாக 30,000 ரூபாயும், அதன்பின் ஆண்களுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு லட்சம், மிகக் கொடிய நிலையில் இருந்தவர்களுக்கு மூன்று லட்சமும் மறுவாழ்வுத் தொகை உண்டு. ஆனால் முழுத் தொகை குற்றவாளிக்குத் தண்டனை கிடைப்பதோடு இணைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே வாங்கிய நிறுவனத்திடம் இருக்கும் பில், ஆர்டர் தாள், பணம் அனுப்பிய விவரம் எல்லாம் அந்த வழக்குக்குச் சான்றாகப் பயன்படும். அதிகாரி கேட்கும் முன்பே அவற்றை ஒப்படைக்க வேண்டும்.