ஒரு இட்லிக்கு அரை மணி நேரம்

எடை குறைப்பு அறுவை முடிந்து நான்காம் நாள் வீடு திரும்பிய என் உறவினரின் கையில் இரண்டு பக்க உணவுத் தாள் ஒன்று இருந்தது. முழுக்க ஆங்கிலம். ஆப்பிள் சாஸ், கிரீக் யோகர்ட், சிக்கன் பிராத் என்று வரிசையாக அச்சடித்திருந்தார்கள். உறவினருடையதோ சைவக் குடும்பம். சமையலைக் கவனித்துக்கொள்ள ஊரிலிருந்து வந்திருந்த பெரியம்மா, பேரனை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "இதுல நம்ம வீட்டுல இருக்கறது தண்ணி மட்டும்தான்டா" என்றார்.

உடல் பருமன் அறுவை சிகிச்சைக்கு ஊரெங்கும் பேனர் உண்டு, 'அன்று – இன்று' படங்கள் உண்டு, ஈஎம்ஐ வசதிகூட உண்டு. அதற்குப் பிறகு எதை, எவ்வளவு, எப்படிச் சாப்பிடுவது என்பது மட்டும் டிஸ்சார்ஜ் நாளில், பில் கட்டுகிற அவசரத்தில் கையில் திணிக்கப்படும் தாளாகிவிடுகிறது. அறுவை அரங்கில் நடப்பது ஓரிரு மணி நேர வேலை. மீதிச் சிகிச்சை சாப்பாட்டுத் தட்டில் நடக்கிறது. அதைச் சொல்லிக்கொடுக்கும்படி கேட்க நோயாளிக்கு உரிமை இருக்கிறது.

முதலில், உள்ளே என்ன மாறியிருக்கிறது என்று தெரிய வேண்டும். 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். வாழைப்பழம் போன்ற ஒரு குழாய் மிஞ்சும். 'பைபாஸ்' என்றால் நம் ஊரில் இதயம்தான் நினைவுக்கு வரும். இது வேறு: இரைப்பையின் மேற்பகுதியில் ஏறத்தாழ 30 மில்லி கொள்ளும் சிறு பையைப் பிரித்து, அதை நேராகச் சிறுகுடலில் இணைப்பது. ஒரு லிட்டருக்கு மேல் கொண்ட வயிறு இப்போது சில கரண்டிகளுக்கே நிரம்பிவிடும்.

அதனால்தான் படிப்படியாகப் போகச் சொல்கிறார்கள். முதல் ஓரிரு நாள் தண்ணீர், காரமில்லாத தெளிந்த ரசம், வடிகட்டிய பருப்புத் தண்ணீர். இரண்டு வாரம் வரை மோர், சர்க்கரை போடாத பால், வடிகட்டிய சூப். மூன்றாம், நான்காம் வாரத்தில் குழைய வேகவைத்து மசித்த பாசிப்பருப்பு, தயிர், மசித்த பன்னீர், சாப்பிடுகிறவர்களுக்கு முட்டை. அதன்பின் இட்லி, இடியாப்பம், முள் எடுத்த மீன். இரண்டு மாதம் ஆன பிறகே வழக்கமான சாப்பாடு. மருத்துவமனைக்கு மருத்துவமனை இந்தக் கணக்கு ஒரு வாரம் முன்பின் இருக்கும். உங்கள் டாக்டர் சொன்னதுதான் உங்கள் கணக்கு. சோறு பலருக்குச் சிக்கும், சப்பாத்தியும் அப்படித்தான். அவசரமாக விழுங்கிய ஒரு கவளம் நெஞ்சில் கல்லைப் போல நிற்கும். ஒரு இட்லிக்கு இருபது நிமிடம், அரை மணி நேரம் ஆவது இந்தக் கட்டத்தில் இயல்பு.

சாப்பிடும்போது பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் வைப்பது நம் வழக்கம். அந்தச் சொம்பைச் சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் எடுக்க வேண்டும். ஆனால் நாள் முழுக்க மடக்கு மடக்காக ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும், இல்லாவிட்டால் உடல் வறண்டுவிடும்.

புரதக் கணக்குதான் சைவர்களைத் திணறடிப்பது. நாளுக்கு 60 கிராமாவது வேண்டும். ஒரு இட்லியில் இருப்பது ஏறத்தாழ 2 கிராம். அப்படியானால் 30 இட்லி! அதனால் தட்டில் பன்னீர், தயிர், பருப்புக்கு முதலிடம். சோற்றுக்குக் கடைசி இடம். புரோட்டீன் பவுடரையும் சத்து மாத்திரைகளையும் பலர் ஆறு மாதத்தில் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை ஆயுள் முழுக்க எடுக்க வேண்டும், ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனையும் வேண்டும். மூன்றாம் மாதத்துக்கு மேல் பலருக்கு முடி கொட்டும். பெரும்பாலும் அது திரும்ப வளர்ந்துவிடும். எண்ணெய் விற்பவரிடம் ஓட வேண்டியதில்லை.

கல்யாணப் பந்தியில் "ஒரு கரண்டி பாயசம்தானே" என்று ஊற்றுகிற அத்தைக்கு ஒரு சங்கதி தெரிய வேண்டும். பைபாஸ் செய்தவருக்கு இனிப்பு நேராகக் குடலில் இறங்கும். அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரலாம். ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்துச் சர்க்கரை தாழ்ந்து மயக்கமும் வரலாம். உபசரிப்புக்கும் அளவு உண்டு, அத்தை.

வாந்தியைச் சாதாரணமாக விடாதீர்கள்

எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். தொடர்ந்து வாந்தி எடுத்தால், "வயிறு பழகணும்ல, சரியாயிடும்" என்று வீட்டில் சமாதானம் சொல்வார்கள். தயாமின் என்கிற பி1 வைட்டமினின் சேமிப்பு உடலில் சில வாரங்களுக்குத்தான் தாங்கும். அது தீர்ந்தால் மூளை பாதிக்கப்படும்: பார்வை இரட்டையாகத் தெரியும், கருவிழி ஓரிடத்தில் நிற்காது, குடித்தவர் போல நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். தாமதித்தால் நினைவாற்றலில் நிரந்தரச் சேதம்.

வாந்தி என்றதும் பக்கத்துத் தெரு கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றுவது நம் ஊர்ப் பழக்கம். தயாமின் குறைந்த உடலில் வெறும் குளுக்கோஸ் ஏற்றுவது நிலைமையை இன்னும் மோசமாக்கக்கூடும். "எனக்கு எடை குறைப்பு அறுவை நடந்திருக்கிறது, முதலில் தயாமின் ஊசி" என்று ஒரு அட்டையில் எழுதிப் பர்ஸில் வைத்திருங்கள்.

முதல் சில வாரங்களில் காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, இடது தோள்வலி, 120-ஐத் தாண்டும் நாடித்துடிப்பு, மூச்சுத்திணறல் ஆகியவை தையலில் கசிவைக் காட்டலாம். இதில் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் பைபாஸ் செய்தவருக்குப் புண் உண்டாக்கக்கூடும். பெண்கள் 12 முதல் 18 மாதம் கருத்தரிப்பைத் தள்ளிவைக்க வேண்டும். பைபாஸுக்குப் பின் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்ப முடியாது என்பதைப் பலரிடம் யாரும் சொல்வதில்லை.

பணமும் சட்டமும்

2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் தனியார் மருத்துவமனை ஒன்றில் எடை குறைப்பு அறுவைக்குச் சேர்ந்த இளைஞர் ஒருவர் இறந்தார். அரசு விசாரணைக் குழு அமைத்தது. ஆகவே பேக்கேஜ் விலையை விசாரிக்கும்போதே மற்றதையும் கேளுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கேயே இருக்கிறதா? இரவில் யார் இருப்பார்கள்? டயட்டீஷியன் ஆலோசனை எத்தனை மாதம், அதற்குத் தனிக் கட்டணமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

சிகிச்சையின் தன்மை, ஆபத்து, மாற்று வழிகள் எல்லாவற்றையும் விளக்கிய பின் பெறும் சம்மதமே சம்மதம் என்று சமீரா கோலி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு அறுவைக்குக் கொடுத்த கையெழுத்து, உயிர் காக்கும் அவசரம் தவிர, வேறொன்றுக்குச் செல்லாது. மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. எழுதிக் கொடுத்து, தேதியுடன் ஒப்புகை வாங்குங்கள்.

காப்பீட்டில் ஒரு பள்ளம் உண்டு. ஆசியர்களுக்கு பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 27.5-க்கு மேல் இருந்தாலே இந்த அறுவையைப் பரிசீலிக்கலாம் என்பது 2022-ல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல். காப்பீட்டு ஒழுங்காணையமான ஐஆர்டிஏஐ விதியிலோ 40, அல்லது கட்டுப்படாத சர்க்கரை நோய், இதயநோய், கடும் தூக்க மூச்சுத்தடை போன்றவற்றுடன் 35. டாக்டர் தகுதி என்று சொன்னவருக்கும் கிளெய்ம் நிராகரிக்கப்படுவது இதனால்தான். சேரும் முன்பே கேஷ்லெஸ் அனுமதியை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நியாயமின்றி மறுத்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவில் எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். ஒரு ஆண்டுக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. சிகிச்சையில் குறை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வழி கேட்கத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. டாக்டரின் நடத்தை குறித்துத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும், மருத்துவமனையின் வசதிக்குறைவு குறித்து மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநரிடமும் புகார் தரலாம். முழுக்க இலவசமாக நடக்கும் அரசு மருத்துவமனைச் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்பதையும் அறிந்திருங்கள்.

பெரியம்மா கடைசியில் டயட்டீஷியனுக்குப் போன் போட்டு, ஒவ்வொரு வரிக்கும் நம் சமையலில் என்ன என்று கேட்டு, காலண்டரின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். அறுவைக்குச் சம்மதம் சொல்லிக் கையெழுத்துப் போடும் முன்பே அந்தத் தாளைக் கேளுங்கள். தமிழில் கேளுங்கள்.