பத்தொன்பது கருவி இருந்தும் ஒரு நட்டு கழலவில்லை!
சைக்கிள்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்

அந்தமானில் ரயில் கிடையாது. சைக்கிளுக்கு ஒரு சிறு நட்டு வேண்டுமென்றாலும் அது கடல் கடந்தே வந்து சேர வேண்டும். சென்னையில் புறப்படும் கப்பல், 2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்ட ஸ்ரீ விஜய புரத்தை அடைய ஏறக்குறைய மூன்று நாட்கள் ஆகின்றன. அபர்தீன் பஜாரை விட்டுச் சில மைல் தாண்டிவிட்டால் சைக்கிள் கடையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எனவே பழுது பார்க்கும் கருவியைக் கையோடு வைத்துக் கொள்வது இங்கே ஆடம்பரம் அல்ல.

இதற்காகவே இப்போது “மல்டி டூல்” என்ற மடக்குக் கருவி விற்பனைக்கு வருகிறது. பேனாக் கத்தி போல விரித்தால் ஆலன் கீ, திருப்புளி, செயின் கட்டர் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். பன்னிரண்டு வேலை, பத்தொன்பது வேலை, இருபத்தாறு வேலை என்று அட்டையில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். எண்ணிக்கையில் மயங்கி வாங்குவோரே அதிகம். நடுவழியில் பின் சக்கரத்தைக் கழற்ற வேண்டி வரும்போதுதான் சங்கதி புரியும்.

உதாரணமாக, கிராங்க் பிரதர்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியின் எம்-19 பெயர் பெற்ற கருவி. எடை 175 கிராம்தான். வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதிலுள்ள ஸ்பேனர் வாய்கள் 8, 10 மில்லிமீட்டர் மட்டுமே. சக்கர அச்சு நட்டோ பல சைக்கிள்களில் 15 மில்லிமீட்டர்! பத்தொன்பது கருவி கையில் இருந்தும் அந்த ஒரு நட்டு அசையாது.

இது கருவியின் குற்றமல்ல. அது செய்யப்பட்டது கியர் சைக்கிளுக்காக. அத்தகைய சைக்கிளில் சீட், ஹேண்டில் பார், பிரேக் எல்லாம் ஆறு பட்டைக் குழி வைத்த போல்ட்டுகள். 4, 5, 6 மில்லிமீட்டர் ஆலன் கீ இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். டிஸ்க் பிரேக் தகட்டுக்குப் பெரும்பாலும் நட்சத்திர முனையுள்ள டி-25 வேண்டும். நம் அப்பா காலத்து ஹெர்குலிஸ் வகைச் சைக்கிளோ முழுக்க முழுக்க நட்டு மயம். அதற்கு, இரு முனையிலும் பல அளவுக் குழிகள் கொண்ட, எலும்புத் துண்டு போன்ற பழைய ஸ்பேனரே உத்தமம். அதன் பெடல் கட்டையைப் பிடித்திருக்கும் காட்டர் பின் தளர்ந்துவிட்டால் எந்த மடக்குக் கருவியும் உதவாது, சுத்தியல்தான் கதி.

ஆகவே கடைக்குப் போகுமுன் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, எங்கெங்கே என்ன அளவு என்று ஒரு தாளில் குறித்துக் கொள்ளுங்கள். பழைய வண்டிகளில் கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும். அந்தத் தாளோடு போனால் கடைக்காரரின் சாமர்த்தியம் பலிக்காது. முடிந்தால் சைக்கிளையே தள்ளிக்கொண்டு போய், கருவியை போல்ட்டில் பொருத்திப் பாருங்கள். சீட்டுக்கு அடியிலும் தண்ணீர் பாட்டில் மாட்டும் கூட்டுக்குள்ளும் கை குட்டையான கருவி நுழையாமல் போவதுண்டு. உலோகம் மட்டமானதாக இருந்தால் முதலில் முனை மழுங்கும். பிறகு போல்ட்டின் குழியும் உருண்டுவிடும். அப்புறம் அந்த போல்ட்டைக் கழற்றுவது பெரும்பாடு.

15 மில்லிமீட்டர் ஸ்பேனர் ஒன்றைத் தனியே வாங்கி வைப்பது நல்லது. ஜிர்காடாங் முதல் மிடில் ஸ்ட்ரெயிட் வரை ஜராவா காப்புப் பகுதி. அங்கே வாகனங்கள் காவலுடன் வரிசையாகச் செல்கின்றன, வழியில் நிற்கக் கூடாது. சைக்கிளை பஸ்ஸில் ஏற்றித்தான் கடக்க வேண்டும். பெடலைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பி வைத்தால் இடம் அடங்கும். பல பெடல்களுக்கும் அதே 15 மில்லிமீட்டர்தான்; கனமில்லாத, தட்டையான ஸ்பேனராக இருந்தால் இடுக்கில் நுழையும். இடது பெடலின் மரை மட்டும் எதிர்த்திசை என்பதை மறக்க வேண்டாம். வேகம் தெரியாமல் திருகி, கை முட்டியில் காயத்தோடு நிற்பவர்கள் உண்டு.

பந்தய வீரர்களுக்கும் இந்த அளவு பழக்கமானதே. 2018-இல் சுவிட்சர்லாந்தின் ஏகில் நகரில் நடந்த உலக ஜூனியர் தடகளச் சைக்கிள் போட்டியில் வெள்ளி வென்று, இந்தியாவுக்கு முதல் உலகப் பதக்கம் தேடித் தந்த ஈசோ ஆல்பன் இந்தத் தீவுகளின் பிள்ளை. அத்தகைய தடச் சைக்கிளின் சக்கரங்களையும் வழக்கமாக 15 மில்லிமீட்டர் நட்டுகளே பிடித்து நிறுத்துகின்றன.

பஞ்சருக்கு மல்டி டூல் மருந்தல்ல. டயர் லீவர் இரண்டு, பேட்ச், சொல்யூஷன், கைப்பம்பு ஆகியவை தனியே வேண்டும். பழைய வகை வால்வு உள்ளவர்கள் சல்லிக் காசு விலையுள்ள வால்வு ட்யூப் ஒரு துண்டு வைத்துக் கொண்டால், காற்று போனதெல்லாம் பஞ்சர் என்று எண்ணி ஏமாற வேண்டியதில்லை.

மே மாதம் தொடங்கும் மழையும், எப்போதும் வீசும் உப்புக் காற்றும் எஃகைத் தின்றுவிடும். மாதம் ஒருமுறை விரித்துத் துடைத்து, மூட்டுகளில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றி வையுங்கள். விமானத்தில் வருவோர் இதைக் கைப்பையில் வைத்தால் சோதனையில் பறிகொடுக்க நேரும். கவுண்ட்டரில் ஒப்படைக்கும் பெட்டிக்குள் போட்டுவிட வேண்டும்.