நேரத்துக்கு ஒரு விலை: மும்பைத் தமிழர் வீடுகளில் மின் கட்டணக் கணக்கு

வீட்டு உபயோக மின்சாரத்துக்குப் பகலில் ஒரு விலை, மாலையில் வேறு விலை என்னும் முறைக்கு மத்திய அரசின் விதிகள் விதித்த கெடு 2025 ஏப்ரல் 1. விவசாய இணைப்புகளுக்கு மட்டுமே விலக்கு. ஸ்மார்ட் மீட்டர் பொருத்தப்பட்டவுடன் அந்த வீட்டுக்கு இக்கட்டணம் நடைமுறைக்கு வர வேண்டும் என்கின்றன, 2023 ஜூனில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகள்.

சூரிய மின்சாரம் கிடைக்கும் பகல் நேரத்தில் கட்டணம் வழக்கத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் தாழ்ந்திருக்க வேண்டும். உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடியிருக்க வேண்டும். எது பகல் நேரம், எது உச்ச நேரம் என்பதை மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையங்கள் முடிவு செய்யும்.

காரணத்தில் குறை காண இடமில்லை. நாட்டின் சூரிய மின் உற்பத்தித் திறன் 2025 ஜனவரியில் ஒரு லட்சம் மெகாவாட்டைத் தாண்டியது. நண்பகலில் மலிவாகக் கிடைக்கும் அந்த மின்சாரம் பொழுது சாய்ந்ததும் மறைந்துவிடுகிறது. வீடுகளில் விளக்கும் விசிறியும் தொலைக்காட்சியும் ஓடத் தொடங்குவதோ அதற்குப் பிறகுதான்.

கணக்கைப் பார்ப்போம். உதாரணத்துக்கு யூனிட் விலை 6 ரூபாய் என்று கொண்டால், பகலில் செலவழிக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 1 ரூபாய் 20 காசு மிச்சம். உச்ச நேரத்தில் 60 காசு கூடுதல். மாட்டுங்காவில் ஓய்வூதியத்தில் வாழும் தம்பதி, சலவை இயந்திரத்தையும் மிக்ஸியையும் பகலிலேயே ஓட்டிவிடலாம். பகலில் 80 யூனிட், உச்ச நேரத்தில் 50 யூனிட் என்றால் மாதம் 66 ரூபாய் மிச்சம். செம்பூரில் கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீடு பகலில் பூட்டிக் கிடக்கும். பகலில் 20 யூனிட், உச்ச நேரத்தில் 90 யூனிட் என்றால் 30 ரூபாய் கூடுதல். இதற்காக யாரும் மின்சார ரயிலைப் பிடித்து நண்பகலில் வீடு திரும்பப் போவதில்லை. பகல் யூனிட்கள் உச்ச நேர யூனிட்களில் பாதியளவாவது இருந்தால் நஷ்டமில்லை என்பதுதான் இந்த விகிதத்தின் பொருள்.

தாராவியில் கணக்கு இன்னும் சிக்கலானது. இங்கிருந்து மும்பை நகரத்துக்கே இட்லி போகிறது. காலையில் ஊற வைத்த அரிசியும் உளுந்தும் மாலையில் கிரைண்டருக்குப் போகும். மாவு இரவில் புளிக்கும். விடியுமுன் இட்லி வெந்து, பாத்திரங்கள் தெருவுக்குக் கிளம்பிவிடும். மலிவாக இருக்கிறதே என்று நண்பகலில் அரைத்தால், மும்பைக் கோடையில் விடிவதற்குள் மாவு பொங்கிப் புளித்துவிடும். மாவுக்கென்று ஒரு கடிகாரம் உண்டு. ஒழுங்குமுறை ஆணையம் அதைத் திருத்த முடியாது. அந்த வீட்டை வணிக இணைப்பு என்று வகைப்படுத்தினாலோ, உச்ச நேரக் கூடுதல் 10 அல்ல, குறைந்தது 20 சதவீதம்.

இன்னொன்று, மீட்டர் ஒருவர் பெயரிலும் குடியிருப்பு வேறொருவரிடமும் இருக்கும் இடங்கள். வீட்டுக்காரர் சொல்லும் தொகையை வாடகையோடு சேர்த்துக் கொடுப்பவருக்குப் பகல் சலுகை வந்து சேரும் என்று எந்த விதியும் உறுதி சொல்லவில்லை.

மும்பையில் மின் விநியோகம் ஒரே கையில் இல்லை. தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் மாநகராட்சியின் பெஸ்ட் நிறுவனம். செம்பூரில் அதானி, டாடா நிறுவனங்கள். முலுண்ட், பாண்டுப் பகுதிகளில் மாநில அரசின் மகாவிதரண். பெஸ்ட் பகுதியில் சுமார் 10.8 லட்சம் ஸ்மார்ட் மீட்டர்களைப் பொருத்தும் ஒப்பந்தம் அதானி குழுமத்திடம்தான் சென்றது. தாராவி மறுசீரமைப்புத் திட்டமும் அதே குழுமத்திடம் இருப்பதால், மீட்டர் பற்றிய பேச்சு அங்கே மீட்டரோடு நிற்பதில்லை.

2024 மக்களவைத் தேர்தல் முடிவு வந்த அதே ஜூன் மாதத்தில், சாதாரண நுகர்வோருக்கு ஸ்மார்ட் பிரீபெய்டு மீட்டர் இல்லை என்று அன்றைய துணை முதல்வர் தேவேந்திர பட்னவிஸ் அறிவித்தார். சட்டப்பேரவைத் தேர்தல் முடிந்த பின் அதே வகை மீட்டர்கள், பயன்படுத்திய பின் பணம் கட்டும் 'டிஓடி மீட்டர்' என்ற பெயரில் வரத் தொடங்கின. மகாவிதரண் நுகர்வோருக்கு 2025 ஜூலை முதல் காலை 9 மணியிலிருந்து மாலை 5 மணி வரை யூனிட்டுக்கு 80 காசு முதல் 1 ரூபாய் வரை சலுகை அறிவிக்கப்பட்டது. சலுகையை முன்னே வைத்து மீட்டரைப் பின்னே கொண்டுவருவது சாமர்த்தியமான அரசியல்தான். ஆனால் நேரவாரியாகக் கணக்கெடுக்கும் கருவி சுவரில் ஏறிவிட்டால், உச்ச நேரக் கூடுதலைச் சேர்க்க ஆணையத்தின் ஓர் உத்தரவு போதும்.

நாடாளுமன்றத்தில் இது எப்போது விவாதிக்கப்பட்டது? நேரத்தைப் பொறுத்துக் கட்டணத்தை வேறுபடுத்தும் அதிகாரத்தை 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 62(3) பிரிவு ஆணையங்களுக்கு அளிக்கிறது. 'செய்யலாம்' என்ற அந்த அதிகாரத்தை 'செய்ய வேண்டும்' என்று ஆக்கியவை விதிகள். விதிகள் அவையில் வைக்கப்பட்டால் போதும். உறுப்பினர் யாரும் எழுந்து திருத்தம் கோராவிட்டால் விவாதம் இல்லை. 2022 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகமான மின்சாரத் திருத்த மசோதா கடும் எதிர்ப்பால் நிலைக்குழுவுக்குப் போய், அவை கலைந்ததும் காலாவதியானது. அதைக் காரசாரமாக எதிர்த்த கட்சிகள், வீட்டு மின் கட்டணத்தையே மாற்றும் இந்த விதிகளின் மீது அத்தனை வேகம் காட்டவில்லை.

தமிழக எம்.பி.க்கள் இதில் கூடுதல் கவலை கொள்ள வேண்டும். ஸ்மார்ட் மீட்டர் டெண்டரைத் தமிழக மின் வாரியம் 2024 டிசம்பரில், விலை அதிகம் என்று ரத்து செய்தது, திட்டம் கைவிடப்படவில்லை. 2016-இல் தொடங்கிய 100 யூனிட் இலவசத்தையும் அடுக்கு முறைக் கட்டணத்தையும் நேரவாரி விலையோடு எப்படிப் பொருத்துவது? இலவசமாகும் யூனிட்கள் பகலில் செலவானவையா, மாலையில் செலவானவையா? மலிவான பகல் யூனிட்களை இலவசத்தில் கழித்துவிட்டு, விலை கூடிய மாலை யூனிட்களைக் கட்டணத்தில் சேர்த்தால் சலுகையின் மதிப்பு சத்தமின்றிச் சுருங்கும். மீட்டர் வாங்கும் முன்பே ஆணையத்தின் பொதுக் கருத்துக் கேட்பில் எழுப்ப வேண்டிய கேள்வி இது.