காணொலியிலிருந்து ஒலியைப் பிரித்தெடுத்தல்: கும்மிடிப்பூண்டி எல்லைப் பகுதிப் பேச்சை முன்வைத்து

கள ஆய்வில் கைபேசியால் காணொலி பதிவுசெய்து, பின்னர் அதிலிருந்து ஒலியை மட்டும் எம்பி3 கோப்பாகப் பிரித்தெடுத்துக்கொள்வது இன்று பரவலான வழக்கமாகும். இதனால் சேமிப்பிடம் மிச்சமாவது உண்மையே. நொடிக்கு 48,000 மாதிரிகள், 16 பிட், இரு தடங்கள் என்ற அளவில் அமைந்த சுருக்கப்படாத ஒலி, மணிக்கு ஏறத்தாழ 691 மெகாபைட் இடம் கொள்ளும். 128 கிலோபிட் எம்பி3 ஏறத்தாழ 58 மெகாபைட்டில் அடங்கிவிடும். இம்மிச்சத்திற்காக இழக்கப்படுவது எது என்பது ஆய்வேடுகளில் அரிதாகவே பேசப்படுகிறது.

1993-இல் பன்னாட்டுத் தரமாக வெளியான எம்பி3, மனிதச் செவியின் ஓர் இயல்பைப் பயன்படுத்திக்கொள்கிறது. உரத்த ஒலியின் அருகே அமைந்த மெல்லொலி செவிக்குப் புலப்படுவதில்லை. எனவே அதனைத் துல்லியமாகக் குறியாக்க வேண்டியதில்லை என்பதே அதன் அடிப்படை. கேட்பதற்கு இது போதும். அளப்பதற்குப் போதுமா என்பது வேறு வினா.

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த கும்மிடிப்பூண்டிப் பகுதியில் இவ்வினா கூர்மை பெறுகிறது. இங்குத் தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்குகின்றன. சொல்முதலில் ஒலிப்பிலா வெடிப்பொலிக்கும் ஒலிப்புடை வெடிப்பொலிக்கும் இடையிலான வேறுபாடு தெலுங்கில் பொருளை மாற்றும். தமிழின் மரபான சொற்களில் மாற்றாது. இருமொழியாளர் பேச்சில் இவ்வேறுபாடு எவ்வாறு அமைகிறது என ஆராய்பவர், வெடிப்புக்கும் குரல்நாண் அதிர்வின் தொடக்கத்திற்கும் இடைப்பட்ட நேரத்தை அளக்கவேண்டும். அது பெரும்பாலும் சில பத்து மில்லிநொடிகளே.

எம்பி3 தன் நீண்ட கட்டத்தில் 1,152 மாதிரிகளை, அதாவது மேற்சொன்ன வீதத்தில் 24 மில்லிநொடிப் பேச்சை, ஒருசேரக் கையாள்கிறது. அக்கட்டத்தின் நடுவே வெடிப்பு நிகழுமாயின், குறியாக்கப் பிழை வெடிப்புக்கு முன்னுள்ள அமைதியிலும் பரவும். இதனை முன்னெதிரொலி என்பர். குறியாக்கி குறுங்கட்டத்திற்கு மாறி இதனைக் குறைக்க முயலும். பிட் வீதம் குறைவாயின் முழுதும் நீக்க இயலாது. அளக்கவேண்டிய இடமே மங்கலாகிறது. சிப்காட் வளாகத்தின் உருக்காலை இரைச்சலும் தேசிய நெடுஞ்சாலை 16-இன் சரக்குந்து ஓசையும் சேர்ந்துவிட்டால் நிலைமை மேலும் மோசமாகும். நிலையான பிட் வீதத்தில் இரைச்சலும் தன் பங்கைக் கேட்கும். பேச்சுக்கு எஞ்சுவது குறையும்.

இதனினும் கவனிக்கத்தக்கது இரட்டை இழப்பு. எம்பி4 என்பது ஓர் உறை மட்டுமே. அதனுள் இருக்கும் ஒலித்தடம் பெரும்பாலும் ஏஏசி முறையில் ஏற்கெனவே சுருக்கப்பட்டதாகும். அதனை எம்பி3 ஆக்கும்போது முதற்சுருக்கத்தில் தப்பியதும் மீண்டும் சல்லடையில் விழுகிறது. எஃப்எஃப்எம்பெக் போன்ற கட்டற்ற மென்பொருள்களில் ஒலித்தடத்தை மறுகுறியாக்கமின்றி அப்படியே நகலெடுக்கும் தெரிவு உண்டு. நீண்ட பதிவும் சில நொடிகளில் பிரிந்துவிடும், தரம் குன்றாது. பிராட் போன்ற ஒலியியல் மென்பொருளுக்கு அத்தடத்தை வேவ் கோப்பாக விரித்துக் கொடுக்கலாம். ஆயினும் வேவ் என்ற பெயர் கண்டு மயங்கலாகாது: இழந்தது திரும்புவதில்லை. வேவ் வடிவத்தை மட்டும் குறிப்பிட்டு மூலத்தைச் சொல்லாத ஆய்வேடு, வாசகரைத் தவறான நம்பிக்கைக்கு இட்டுச்செல்லும்.

எல்லா ஆய்வுக்கும் இவ்வளவு எச்சரிக்கை வேண்டா. வாய்மொழிக் கதையை எழுத்தாக்க எம்பி3 தாராளமாகப் போதும். குரலின் அடிப்படை அதிர்வெண்ணும் உயிரொலிகளின் பண்பும் மிதமான சுருக்கத்தை ஓரளவு தாங்கும். உரசொலிகளின் உயர் அதிர்வெண் ஆற்றல் அவ்வாறு தாங்குவதில்லை. சைகையையும் பேச்சையும் ஒப்பிடுவோர்க்கு வேறொரு சிக்கல் உண்டு. எம்பி3 ஆக்கமும் விரிப்பும் சேர்ந்து, ஈடுசெய்யப்படாவிடில், ஒலியை இருபது மில்லிநொடிக்கு மேல் பின்தள்ளக்கூடும். கால இடைவெளிகளின் அளவு இதனால் மாறாது. காணொலியோடு பொருந்தும் இடமே மாறும்.

வெடிப்பொலிகளை அளக்க எண்ணுவோர் காணொலியுடன் தனிக்கருவியில் சுருக்கப்படாத ஒலியையும் பதிவுசெய்து, தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டிவிட்டால், பின்னர் அவ்வொலியைக் கொண்டே இரண்டையும் பொருத்திக்கொள்ளலாம்.