வானம்பாடியும் உழவர் பாட்டும்

இங்கிலாந்து தேசத்துக் குடியானவர்களின் நாட்டுப்பாடல்களில் வானம்பாடிக்குப் பெரிதும் இடமுண்டு. 'காலை வானம்பாடி' என்னும் பழம்பாட்டு, ஏர் உழும் இளைஞனையும் அப்பட்சியையும் ஒருங்கே புகழ்கின்றது. விடியலில் பாடுவதும், உழவன் வயலிலேயே தரையில் கூடு கட்டுவதும் அதன் இயல்பாதலின், இவ்வுறவு வெறுங் கற்பனையன்று.

1970-களுக்குப் பின்னர் அந்நாட்டில் இப்பட்சிகள் பாதிக்குமேல் குறைந்துவிட்டன. பாட்டுகளை அரும்பாடுபட்டுத் தொகுத்த தேசத்தார் வயலையும் சிறிது கவனித்திருக்கலாம். விதைப்புப் பருவம் மாறியதே முக்கிய காரணமாம். முன்னர் வசந்தத்தில் விதைத்துவந்த தானியங்களைப் பெரும்பாலும் இலையுதிர் காலத்திலேயே விதைக்கலாயினர். ஆகவே மே மாதத்திலேயே பயிர் உயர்ந்து அடர்ந்துவிடுகின்றது. பட்சி இறங்க இடமில்லை. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை குஞ்சு பொரிக்கவேண்டிய அது, பெரும்பாலும் முதல் முறையோடு நின்றுவிடுகின்றது. குளிர்காலத்தில் தாளடி நிலங்களில் சிந்திக் கிடந்த தானியமும் அருகிவிட்டது.

பரிகாரம் எளிது. விதைக்கும் இயந்திரத்தைச் சில மீட்டர் தூரம் நிறுத்தி, ஹெக்டேருக்கு இரண்டு இடங்களில், ஒவ்வொன்றும் 16 சதுர மீட்டருக்குக் குறையாமல், வெற்றிடம் விடவேண்டும். வரப்போரமாய் விடலாகாது, நரி முதலியன அவ்வழியே வரும். இதனால் நிலத்தில் நூற்றுக்கு அரைப் பங்குகூடக் குறையாது. பறவைப் பாதுகாப்புச் சங்கத்தார் கேம்பிரிட்ஜ்ஷயரில் 2000-ஆம் ஆண்டில் வாங்கிய பண்ணையில் இம்முறை கையாளப்பட்டது. அங்கே வானம்பாடிகள் பெருகியுள்ளன. கோதுமைச் சாகுபடியும் நடந்துவருகின்றது.